முழங்காலுக்கு வைத்த ஆப்பு

வண்டியின் முன்சக்கர டயர் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்துபோனால் நல்ல மெக்கானிக் என்ன சொல்வார்? "டயரை மாத்துறது இருக்கட்டும் சார், முதல்ல அலைன்மென்ட் பாருங்க" என்பார். கோணலை அப்படியே விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் அதுவும் அதே பக்கம்தான் தேயும்.

மனிதனின் முழங்காலும் அப்படித்தான். நேரான காலிலேயே நடக்கும்போது சுமையில் பாதிக்கு மேல் முழங்காலின் உள்பக்கத்தில்தான் விழுகிறது. கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் கேட்கவே வேண்டாம், மொத்தச் சுமையும் உள்பக்கத்துக்கே போகும். அங்கே இருக்கிற குருத்தெலும்பு வருடக்கணக்கில் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும். வெளிப்பக்கமோ புத்தம் புதுசாக இருக்கும்!

எழுபது வயதுக்காரர் என்றால் செயற்கை மூட்டு வைத்துவிடலாம். நாற்பத்தைந்து வயதில், இன்னும் இருபது வருடம் உழைக்க வேண்டிய ஆளுக்கு? செயற்கை மூட்டும் தேயக்கூடியதுதான். அவர்களுக்காகத்தான் மருத்துவர்கள் அந்த மெக்கானிக்கின் வழியில் யோசித்தார்கள். முழங்காலைத் தொடாமல், அதற்குச் சற்றுக் கீழே டிபியா என்ற பெரிய கீழ்க்கால் எலும்பை வெட்டி, கோணத்தைத் திருத்தி, சுமையை நல்ல பக்கத்துக்குத் தள்ளிவிடுவது. இதற்கு ஆஸ்டியோடமி என்று பெயர்.

இதில்தான் ஒரு சிக்கல். அந்தச் சிக்கலின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

எடுக்கும் ஆப்பும் வைக்கும் ஆப்பும்

வளைந்த கட்டையை நிமிர்த்த ஒரு தச்சருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்து மூடலாம். இரண்டு, உள்பக்கத்தில் ஒரு கீறல் போட்டு, அதைப் புத்தகம் திறப்பது போல் விரித்து, இடைவெளியில் ஓர் ஆப்பைச் செருகலாம்.

முதல் வழியில் எலும்போடு எலும்பு ஒட்டி நிற்பதால் சீக்கிரம் சேர்ந்துவிடும். ஆனால் எலும்பு குறையும். பக்கத்தில் இருக்கும் ஃபிபுலா என்ற சின்ன எலும்பையும் பெரும்பாலும் வெட்ட வேண்டும். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது, அதற்கும் ஆபத்து.

இரண்டாவது வழியில் இந்தத் தொல்லைகள் குறைவு. எவ்வளவு விரிப்பது என்பதை அறுவையின்போதே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் விரித்த இடத்தில் ஓர் ஓட்டை! பல நேரம் 8, 10 மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் மேல். அதில் எதை நிரப்புவது?

கணக்குப் பதிவியலின் பாலபாடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். முழங்காலில் ஒரு துண்டு எலும்பு வரவு என்றால், அது எங்கிருந்து வந்தது? யார் கணக்கில் பற்று? முந்நூறு ஆண்டுகளாக மருத்துவர்கள் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடியிருக்கிறார்கள்.

நாய் கொடுத்த எலும்பு

பழைய பதில்களில் ஒன்று, நாய்! 1668-இல் வெளிவந்த ஒரு டச்சு மருத்துவ நூலில் யோப் வான் மேக்கரன் என்ற ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர், ரஷ்யாவிலிருந்து கேள்விப்பட்ட ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். தலையில் வாள் வெட்டுப் பட்ட ஒருவருக்கு மண்டையோட்டில் விழுந்த ஓட்டையை ஒரு நாயின் மண்டையோட்டுத் துண்டால் அடைத்தார்களாம். காயம் ஆறிவிட்டது. ஆனால் மிருகத்தின் எலும்பைச் சுமந்துகொண்டு ஒரு கிறிஸ்தவன் கோவிலுக்குள் வரக்கூடாது என்று திருச்சபை அவரை விலக்கி வைத்துவிட்டது. மனிதர் திரும்பிப் போய், "எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சினார். எடுக்க முடியவில்லை. அது நன்றாக ஒட்டிப்போயிருந்தது!

சம்பவம் எவ்வளவு தூரம் உண்மையோ, ஒரு பாடம் மட்டும் அதில் இருக்கிறது. நிரப்பிய பொருளுக்கான விலையைக் கடைசியில் நோயாளிதான் கட்டுகிறார்.

கிளாஸ்கோவின் வளைந்த கால்கள்

அடுத்த காட்சி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆலைப்புகை, நெருக்கடியான குடியிருப்புகள், போதாத உணவு, சூரியனையே பார்க்காத பிள்ளைகள். ரிக்கெட்ஸ் நோய் அங்கே சர்வசாதாரணம். எலும்பு மிருதுவாகி, உடல் எடை தாங்காமல் கால்கள் வளைந்துவிடும். வைட்டமின் டி என்ற ஒன்று இருப்பதே 1920-களில்தான் தெரிந்தது. அதுவரை வளைந்த காலுக்கு வழி, வெட்டி நிமிர்த்துவதுதான்.

அங்கே இருந்தவர் வில்லியம் மெக்கீவன். கிருமிநாசினி அறுவை முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் வழியில் வந்தவர். அதற்கு முன்பெல்லாம் எலும்பைத் திறந்து வெட்டினால் சீழ் பிடித்து ஆளே போய்விடுவான். மெக்கீவன் கிருமியைத் தடுத்து, வரிசையாகப் பிள்ளைகளின் கால்களை நிமிர்த்தினார். 1880-இல் ஆஸ்டியோடமி பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அதே காலத்தில் அவரிடம் ஒரு சிறுவன் இருந்தான். மேல்கை எலும்பில் சீழ் பிடித்து, பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டியதாகிவிட்டது. கை இருந்தும் இல்லாத மாதிரி, துணி போலத் தொங்கியது. மெக்கீவனுக்கு ஒரு யோசனை வந்தது. வளைந்த கால்களை நிமிர்த்தும்போது ஆப்பு ஆப்பாக எலும்பு வெட்டி எடுத்துத் தூக்கிப் போடுகிறோமே.. அதை ஏன் இந்தக் கைக்கு வைக்கக்கூடாது?

1879-இலிருந்து சில முறைகளில், மற்றப் பிள்ளைகளின் கால்களிலிருந்து எடுத்த ஆப்புகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி அந்தக் கையில் வைத்தார். அவை சேர்ந்தன. கைக்கு எலும்பு வந்தது. 1881-இல் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஒரு மனிதரின் எலும்பை இன்னொருவருக்கு வைத்து வென்ற முதல் நிகழ்வாக இதைத்தான் மருத்துவ வரலாறு சொல்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. எலும்பு ஒட்டுப்போடுதலும் கால் நிமிர்த்துதலும் முதலில் சந்தித்தபோது, காலிடம் ஆப்பு மிச்சம் இருந்தது, அதைக் கை கடன் வாங்கியது. எழுபது வருடம் கழித்து அதே காலுக்கு ஆப்பு வேண்டியிருந்தது. கடன் கொடுக்கத்தான் ஆளில்லை.

சுண்ணாம்பு வேலை

எலும்பின் எடையில் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த கனிமம்தானே, அப்படியானால் எலும்புக்குப் பதில் கனிமத்தையே வைத்தால் என்ன? 1892-இல் ஜெர்மனியின் டிரீஸ்மன் என்ற மருத்துவர், எலும்புக் குழிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிரப்பிப் பார்த்தார். மாவுக்கட்டுப் போடுகிறோமே, அதே மாவு! சிலருக்கு நன்றாகவே ஆறியது. ஆனால் பிளாஸ்டர் சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பு வளர்வதோ மாதக்கணக்கு.

1920-இல் அமெரிக்காவின் ஃபிரெட் ஆல்பீ, மாரிசன் என்பவருடன் சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டை முயல்களின் எலும்பு இடைவெளிகளில் வைத்துப் பார்த்தார். எலும்பு சற்று விரைவாகவே சேர்ந்தது. இன்றைக்கு முழங்கால் ஆப்பாகப் பயன்படும் டிரை கால்சியம் பாஸ்பேட்டின் மூதாதை அதுதான். ஆனால் அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காரணம் எளிது. நோயாளியின் சொந்த எலும்பே அருமையாக வேலை செய்தது.

ஏன் அருமை என்பதற்கு ஒரு வீடு கட்டும் உதாரணம் போதும். கட்டிடத்துக்குச் சாரம் வேண்டும், கொத்தனார் வேண்டும், "இங்கே கட்டு" என்று சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். சொந்த எலும்பில் மூன்றும் உண்டு. கனிமத் தளம்தான் சாரம், உயிருள்ள செல்கள்தான் கொத்தனார், எலும்பை வளரச் சொல்லும் புரதங்கள்தான் மேஸ்திரி. இந்த மேஸ்திரி இருப்பதை 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்கர் காட்டினார். கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு முளைத்தது! சுண்ணாம்பு வகைகள் எதிலும் கொத்தனாரும் கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. வெறும் சாரம் மட்டும்.

முழங்கால் அரங்குக்கு வருகிறது

முழங்கால் தேய்மானத்துக்கு டிபியாவை வெட்டித் திருத்துவது 1950-களிலும் 60-களிலும்தான் சூடுபிடித்தது. இங்கிலாந்தில் ஜாக்சனும் வாவும் 1961-இல் எழுதினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மார்க் கவன்ட்ரி 1965-இல் எழுதியது உலகம் முழுக்கப் பரவியது. கவன்ட்ரியின் முறை, ஆப்பை வெட்டி எடுத்து மூடுவது. நிரப்ப வேண்டிய வேலையே இல்லை.

பிரான்சில் மட்டும் காற்று வேறு பக்கம் அடித்தது. டெபேர் என்பவர் 1950-களிலேயே உள்பக்கமாக விரிக்கும் முறையைத் தொடங்கியிருந்தார். இடைவெளிக்கு நோயாளியின் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து துண்டு எடுத்து வைத்தார்கள். அந்த வழியில் வந்த ஃபிலிப் எர்னிகூ, 1987-இல் 93 முழங்கால்களை 10 முதல் 13 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த கணக்கை வெளியிட்டார். 5 ஆண்டில் 90 சதவீதம் நல்ல நிலையில் இருந்தன. 10 ஆண்டில் 45 சதவீதம். கோணம் மிகச் சரியாக அமைந்த சிறு குழுவுக்கோ வலியே திரும்பவில்லை. எல்லாம் கோணத்தில் இருக்கிறது என்று புரிந்தது. கோணத்தைத் துல்லியமாக வைக்க விரிக்கும் முறைதான் வசதி.

ஆனால் பற்று எழுத வேண்டுமே! முழங்கால் வலிக்காக வந்தவர் இடுப்பு வலியோடு வீட்டுக்குப் போனார். 1989-இல் யங்கர், சாப்மன் இருவரும் எலும்பு எடுத்த இடங்களில் வந்த தொல்லைகளைக் கணக்கெடுத்தார்கள். பெரிய தொல்லைகள் 8.6 சதவீதம், சிறியவை 20.6 சதவீதம். இரத்தக் கட்டு, கிருமி, தொடைப் பக்கம் மரத்துப்போதல், தீராத வலி.. எல்லாமே நல்ல எலும்பை வெட்டியதற்கான வட்டி.

இறந்தவர்களின் எலும்பை வைத்தால்? கியூபாவின் இன்க்லான் 1942-இல் சேமித்த எலும்பைப் பற்றி எழுதினார். 1949-இல் அமெரிக்கக் கடற்படை திசு வங்கியே தொடங்கியது. வங்கி வந்தது, கூடவே வங்கிக்கே உரிய ஆபத்தும் வந்தது. 1988-இல், தானமாகப் பெற்ற எலும்பு வழியாக ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வெளியிட்டது. அதன் பிறகு தானம் தருபவர்களைச் சோதிக்கும் விதிகள் கடுமையாகின, ஆபத்தும் மிகக் குறைந்தது. ஆனாலும் "யாருடையதோ" என்ற தயக்கம் பலருக்கும் போகவில்லை.

கடலும் கண்ணாடியும்

இதற்குள் ஆய்வுக்கூடங்கள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன.

1967-இல் அமெரிக்கப் பேராசிரியர் லாரி ஹென்ச் ஒரு கருத்தரங்குக்குப் பேருந்தில் போனபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்த ஓர் இராணுவ அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்களைப் பற்றி ஹென்ச் பேச, "மனித உடம்பைத் தாங்கும் பொருளைச் செய்ய முடியுமா உங்களால்?" என்று அவர் கேட்டாராம். கை கால் இழந்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இரண்டு வருடத்தில், 1969-இல் பிறந்தது பயோகிளாஸ். எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி!

1974-இல் ராய், லினஹன் என்ற இருவர் பவளத்தைக் கையில் எடுத்தார்கள். பவளத்தின் துளைகள் நம் எலும்பின் துளைகளைப் போலவே ஒன்றோடொன்று இணைந்தவை. பவளம் கால்சியம் கார்பனேட். அதைப் பாஸ்பேட்டோடு சேர்த்து அழுத்தமும் வெப்பமும் கொடுத்தால், துளைகள் அப்படியே இருக்க, பொருள் மட்டும் ஹைட்ராக்சி அபடைட்டாக மாறியது. நம் எலும்பின் கனிமத்துக்கு மிக நெருங்கிய உறவு அது.

துளை ஏன் முக்கியம்? இரத்தக்குழாய் நுழைய வேண்டும், பின்னாலேயே கொத்தனார்களும் வர வேண்டும். துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால் வசதி. ஆனால் துளை கூடினால் வலு குறையும். முழங்காலுக்கு இரண்டுமே வேண்டும். இங்கேதான் தலைவலி.

இன்னொரு தலைவலி, நேரம். சாரத்தைச் சுவர் எழும்புவதற்கு முன் பிரித்தால் சுவர் விழும். சுவர் எழுந்த பிறகும் பிரிக்காமல் விட்டால் வீட்டுக்குள் சாரம்! பிளாஸ்டர் முதல் ரகம். ஹைட்ராக்சி அபடைட் இரண்டாம் ரகம், வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். நடுவில் நிற்பது ஆல்பீ தொட்டுவிட்டுப் போன அதே டிரை கால்சியம் பாஸ்பேட், பீட்டா வகை. மெல்லக் கரைந்து, கரைகிற இடத்தில் எலும்புக்கு வழிவிடும்.

முழங்காலில் இவையெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. ஜப்பானில் கோஷினோ குழு, துளைகளுள்ள ஹைட்ராக்சி அபடைட் ஆப்புகளை வைத்து 2003-இல் எழுதியது. எர்னிகூவே 2001-இல் இடுப்பெலும்பை விட்டு அக்ரிலிக் எலும்பு சிமென்டை வைத்துப் பார்த்திருந்தார். நெதர்லாந்தில் காஸ்பேக் குழு, பீட்டா ஆப்பு வைத்தவர்களுக்குப் பிளேட்டைக் கழற்றும்போது அந்த இடத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. ஆப்பு கரைந்துகொண்டிருந்தது, அங்கே புது எலும்பு உட்கார்ந்திருந்தது. 2005-இல் வெளியான இந்த முடிவு பலருக்கு நம்பிக்கை கொடுத்தது. வரவு இருந்தது, இடுப்பில் பற்று இல்லை!

ஆப்பே வேண்டாம் என்ற பிளேட்

கதை இங்கே முடிந்திருந்தால் வெற்றிக்கதை. ஆனால் இதே ஆண்டுகளில் பக்கத்து மேசையில் வேறொன்று நடந்தது.

அதுவரை இருந்த பிளேட்டுகள் சிறியவை. அவற்றால் முழுச் சுமையைத் தாங்க முடியாது, அதனால் ஆப்பும் சேர்ந்து தாங்க வேண்டியிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஸ்டாவ்ப்லி, ஜெர்மனியின் லோபன்ஹோஃபர் போன்றவர்கள் டோமோஃபிக்ஸ் என்ற பிளேட்டைக் கொண்டுவந்தார்கள். நீளமானது, திருகுகள் பிளேட்டிலேயே மரை போட்டுப் பூட்டிக்கொள்ளும். எலும்புக்குள் ஒரு சட்டம் கட்டியது போல் அசையாமல் நிற்கும். 2003-இல் 92 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலும் இடைவெளியில் எதையும் நிரப்பாமலே!

என்ன ஆனது? எலும்பு தானாகவே வளர்ந்தது. விரித்த இடத்தின் மூலையில், வெட்டாமல் விட்ட வெளிப்பக்கக் கீல் இருக்கிறதே, அங்கிருந்து தொடங்கி உள்பக்கம் நோக்கி மெல்ல மெல்ல நிரம்பியது. கேட்டால் சாதாரண விஷயம். முறிந்த எலும்பு ஆட்டம் இல்லாமல் இருந்தால் கூடும் என்பது எப்போதோ தெரிந்ததுதான்.

அதாவது, இத்தனை காலம் இடைவெளியைப் பார்த்து எல்லோரும் கேட்டது "எதை நிரப்புவது?" என்ற கேள்வி. கேட்டிருக்க வேண்டியதோ "எலும்பு வரும்வரை யார் தாங்குவது?" என்பது. ஆப்பு இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சுமை தாங்குதல் ஒன்று, எலும்பு வளர்த்தல் ஒன்று. முதல் வேலையைப் பிளேட் எடுத்துக்கொண்டதும், இரண்டாவது வேலைக்கு ஆப்பு அவ்வளவாகத் தேவையில்லை என்பது வெளியே வந்தது. பிற்பாடு வந்த ஒப்பீடுகளிலும், உறுதியான பிளேட் இருக்கும்போது செயற்கை ஆப்பு எலும்பு கூடும் வேகத்தைக் கூட்டியதாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. அந்தப் பெருமை இன்றும் சொந்த எலும்புக்குத்தான்.

அதற்காக ஆப்புகள் குப்பைக்குப் போய்விடவில்லை. இடைவெளி பெரிதாக இருந்தால், வெளிப்பக்கக் கீல் உடைந்துவிட்டால், எலும்பு மெதுவாகக் கூடும் புகைபிடிப்பவர் என்றால், பல மருத்துவர்கள் இன்றும் எதையாவது நிரப்பவே விரும்புகிறார்கள். சீக்கிரமே காலை ஊன்றி நடக்கவைக்க விரும்பும் ஜப்பானிய மருத்துவர்களிடம் பீட்டா ஆப்புகளுக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் "கட்டாயம்" என்ற இடத்திலிருந்து "தேவைப்பட்டால்" என்ற இடத்துக்கு ஆப்பு இறங்கிவிட்டது.

நோயாளிக்கு இது சின்ன விஷயமில்லை. தேவையில்லாத ஆப்பு என்றால் தேவையில்லாத செலவு. தேவையில்லாத இடுப்பு வெட்டு என்றால் தேவையில்லாத வலி. தேவையான இடத்தில் வைக்காமல் விட்டாலோ கூடாத எலும்பும் இன்னொரு அறுவையும். யாருக்கு எது என்று பார்த்துப் பார்த்து முடிவெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரஷ்யாவில் ஒட்டிய நாய் எலும்பு, கிளாஸ்கோ சிறுவனின் கை, சுண்ணாம்பு, கண்ணாடி, பவளம்.. எல்லாவற்றுக்கும் நாம் பெயர் வைத்துப் பாராட்டினோம். ஒவ்வொரு முறையும் உண்மையில் வேலை பார்த்தது பக்கத்தில் இருந்த உயிருள்ள எலும்பு. அது கேட்டதெல்லாம் கொஞ்சம் நேரம், கொஞ்சம் இரத்த ஓட்டம், ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு கை. அதைச் சரியாகக் கொடுத்தால், பற்று எழுதாமலே வரவு எழுதத் தெரிந்த ஒரே கணக்குப்பிள்ளை நம் எலும்புதான் :-)